பர்க்ளர் அலாரம் பேனல்: வயரிங் கோளாறுகளை அறிகுறி வாரியாகக் கண்டறிந்து நீக்கும் முறை

நகைக்கடை, அடகுக்கடை, கூட்டுறவுச் சங்க அலுவலகம், மருந்துக் கிடங்கு போன்ற இடங்களில் பொருத்தப்படும் வயர்வழி பர்க்ளர் அலாரங்களில் ஏற்படும் கோளாறுகளில் பெரும்பாலானவை பேனலின், அதாவது சென்சார்களைக் கவனித்துச் சைரனை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியின், போர்டில் இருப்பதில்லை. போர்டிலிருந்து சென்சார் வரை செல்லும் வயரிலும், அந்த வயரின் இணைப்புகளிலும், பேட்டரியிலுமே அவை இருக்கின்றன. ஆனாலும் நடைமுறையில் போர்டை மாற்றுவதுதான் முதல் வைத்தியமாகச் செய்யப்படுகிறது. இரண்டு நாளில் புதுப் போர்டிலும் பழைய கோளாறே தலைகாட்டுகிறது. பேனலைச் சந்தேகிப்பதற்கு முன்னால் வெளியிலிருந்து வரும் வயரைக் கழற்றிவிட்டுப் பார்ப்பது என்ற ஒரே ஒழுங்கைத்தான் கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறிக்கும் பின்பற்றியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக இங்கே கொள்ளப்படுவது எட்டு ஜோன்கள் (பேனல் தனித்தனியாகக் கண்காணிக்கும் சென்சார் வயர் வழிகள்) கொண்ட ஒரு சாதாரண பேனல். 230 வோல்ட் மெயின்ஸை 16.5 வோல்ட் ஏசியாகக் குறைக்கும் மின்மாற்றி, 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி அளவுள்ள மூடிய லெட் ஆசிட் பேட்டரி, ஒரு கீபேட், ஷட்டரிலும் கதவிலும் காந்தச் சென்சார்கள், உள்ளே ஆள் நடமாட்டத்தை உடல் வெப்பத்தால் உணரும் சில பிஐஆர் சென்சார்கள், வெளியே ஒரு சைரன் என்பதே அதன் அமைப்பு. வயர் அறுந்ததையும் ஷார்ட் ஆனதையும் பேனல் அறிவதற்காக வயரின் கடைசியில் பொருத்தப்படும் ரெசிஸ்டரின் மதிப்பு பேனலுக்குப் பேனல் மாறும். டிஎஸ்சி பேனல்களில் அது 5.6 கிலோ ஓம். ஹனிவெல் விஸ்டா வரிசையில் 2 கிலோ ஓம். பாரடாக்ஸில் 1 கிலோ ஓம். இந்தக் கட்டுரையில் 5.6 கிலோ ஓம் என்றே கணக்கிட்டிருக்கிறேன்; உங்கள் பேனல் வேறு என்றால் அதற்குரிய எண்ணை வைத்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

தொடங்குவதற்கு முன்

பேனல் பெட்டிக்குள் மின்மாற்றி இருந்தால் அதன் முதன்மைப் பக்கத்தில் 230 வோல்ட் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. அந்தப் பக்கத்தைத் தொட வேண்டிய வேலை எதுவானாலும் எம்சிபியை (மெயின்ஸைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சை) இறக்கிய பிறகு, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்ய வேண்டும். மின்மாற்றிக்கு அப்பால் உள்ள தாழ்வழுத்தப் பகுதியில் வயர்களைக் கழற்றி மாட்டும்போதும் முதலில் மெயின்ஸையும் பிறகு பேட்டரியின் சிவப்பு வயரையும் கழற்றிவிடுவது நல்லது. ஏனெனில் ஒரு வயர் நழுவி பக்கத்து டெர்மினலில் பட்டாலே ஃபியூஸ் போய்விடும்.

சோதனைக்கு நடுவே சைரன் ஊரைக் கூட்டாமலிருக்க அதன் வயர்களைக் கழற்றிவிடலாம். ஆனால் சைரன் வெளியீட்டைக் கண்காணிக்கும் பேனல்களில், அந்த டெர்மினல்கள் வெறுமையாக இருந்தால் கீபேடில் புதிதாக ஒரு கோளாறு விளக்கு எரியத் தொடங்கி நம்மைத் திசைதிருப்பும். டிஎஸ்சி போன்றவற்றில் அந்த இரு டெர்மினல்களுக்கும் நடுவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தற்காலிகமாக மாட்டிவிட்டால் பேனல் அமைதியாகிவிடும்.

கருவி என்று பார்த்தால் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், சிறு திருப்புளி, பேனலுக்குரிய மதிப்பில் நான்கைந்து ரெசிஸ்டர்கள், ஒரு காந்தத் துண்டு ஆகியவை போதும். ரெசிஸ்டரை நிறத்தைப் பார்த்து மட்டும் நம்பிவிடாமல் மீட்டரில் அளந்தே மாட்ட வேண்டும். 5.6 கிலோ ஓமுக்குப் பச்சை, நீலம், சிவப்பு, பொன் என்ற வரிசை வரும். மங்கலான குழல்விளக்கு வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு ஆரஞ்சாகத் தெரிந்தால் 56 கிலோ ஓம் என்று ஆகிவிடும்.

பேனலில் உயிரே இல்லை, கீபேடும் இருண்டிருக்கிறது

மின்மாற்றியின் இரண்டாம் பக்கத்தில், பேனலின் ஏசி டெர்மினல்களில், மீட்டரை ஏசி அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். 16.5 வோல்ட் அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் மின்மாற்றி நலம். எதுவும் இல்லையென்றால் கோளாறு எம்சிபி, பிளக், மின்மாற்றி ஆகிய மூன்றில் ஒன்றில் இருக்கிறது; போர்டுக்கு அதில் சம்பந்தமில்லை.

ஏசி இருந்தும் கீபேட் இருண்டிருந்தால், சென்சார்களுக்கு 12 வோல்ட் தரும் துணை மின்வெளியீட்டில் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கும் என்றே முதலில் எண்ண வேண்டும். இந்த வெளியீட்டிலிருந்து போகும் எல்லா வயர்களையும், கீபேட் வயரையும், கழற்றிவிட்டு டிசி அளவில் பார்த்தால் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும். அதன்பின் ஒவ்வொரு வயராக மாட்டிக்கொண்டே வந்தால் எந்த வயர் ஏறியதும் வோல்டேஜ் சரிகிறதோ அந்த வயரின் மறுமுனைக்குப் போக வேண்டும். பல பேனல்களில் கண்ணாடி ஃபியூஸுக்குப் பதிலாகத் தானே மீளும் பாதுகாப்புக் கூறு இருக்கும். ஷார்ட்டை நீக்கிய பிறகும் அது சூடு ஆறிய பின்தான் மின்சாரத்தை விடும் என்பதால், அந்தச் சில நிமிடங்களுக்குள் அவசரப்பட்டு போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பேட்டரியை மட்டும் இணைத்து பேனல் எழுகிறதா என்று பார்ப்பதும் ஒரு பொதுவான தவறு. மெயின்ஸ் இல்லாமல் வெறும் பேட்டரியில் முதல் உயிர் பெறாத வகையில் வடிவமைக்கப்பட்ட பேனல்கள் உண்டு.

ஒரு ஜோன் எப்போதும் திறந்தே காட்டுகிறது; அலாரத்தை ஆர்ம் செய்ய (காவல் நிலையில் வைக்க) முடியவில்லை

வேலைக்கு அழைப்பு வரும் அறிகுறிகளில் இதுவே முதலிடத்தில் இருக்கும் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதற்படியாக அந்த ஜோனின் இரண்டு வயர்களையும் பேனல் டெர்மினலிலிருந்து கழற்றிவிட்டு, அதே டெர்மினல்களுக்கு நடுவே ஒரு 5.6 கிலோ ஓம் ரெசிஸ்டரை நேரடியாக முறுக்க வேண்டும். கீபேடில் அந்த ஜோன் மூடிவிட்டால் பேனல் குற்றமற்றது. இனி அதன் பக்கம் திரும்ப வேண்டியதில்லை. ரெசிஸ்டரை மாட்டியும் ஜோன் திறந்தே இருந்தால், அந்த ஜோனின் புரோகிராமையும், அதாவது ரெசிஸ்டர் உள்ளதா, ஒன்றா இரண்டா என்று அமைத்திருப்பதையும், அதன்பிறகே போர்டையும் சந்தேகிக்கலாம்.

பேனல் தேறிவிட்டால், கழற்றிய வயர்களின் இரு முனைகளிலும் மீட்டரை ஓம் அளவில் வைக்க வேண்டும். வயர் பேனலில் மாட்டியிருக்கும்போது ஓம் அளந்தால் பேனலின் வோல்டேஜும் சேர்ந்துகொண்டு பொருளற்ற எண்களைக் காட்டும் என்பதால் கழற்றுவது கட்டாயம். ஒவ்வொரு சென்சாரிலும் இரண்டு ரெசிஸ்டர் வைக்கும் முறையில், ஒன்று அலாரம் கான்டாக்டுக்குக் குறுக்கேயும் மற்றொன்று வயருக்குத் தொடராகவும் இருக்கும். எனவே சென்சார் அமைதியாக இருக்கையில் 5.6 கிலோ ஓமும், சென்சார் தூண்டப்பட்டிருக்கையில் 11.2 கிலோ ஓமும் வர வேண்டும். மீட்டர் எல்லையற்ற மதிப்பைக் காட்டினால் வயர் அறுந்திருக்கிறது அல்லது சென்சாரின் மூடி திறந்து டேம்பர் சுவிட்ச் விடுபட்டிருக்கிறது. பூஜ்யத்துக்கு அருகில் காட்டினால் வயர் இரண்டும் வழியில் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

பிஐஆர் ஜோனில் 11.2 வந்தால் உடனே அந்த பிஐஆர் கெட்டுவிட்டது என்று கழற்றிவிட வேண்டாம். மின்சாரம் கிடைக்காத பிஐஆரின் ரிலே திறந்தே கிடக்கும். ஆகவே ஆளே இல்லாத அறையிலும் அது அலாரம் நிலையைத்தான் காட்டும். அதன் மூடியைத் திறந்து பிளஸ், மைனஸ் டெர்மினல்களில் 12 வோல்ட் அளவுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். மின்சாரம் கொடுத்த பின் அது நிலைபெற ஓரிரு நிமிடங்கள் ஆகும் என்பதையும், அந்த நேரத்தில் அதன் முன்னால் நின்றுகொண்டு அளக்கக் கூடாது என்பதையும் நினைவில் வைக்கவும். சொன்னால் வேடிக்கையாக இருக்கும். ஏணியில் நிற்கும் தம்மையே கண்டுபிடித்துக்கொண்டிருக்கும் சென்சாரைக் கெட்டுப்போனது என்று தூக்கியெறிகிறவர்கள் இருக்கிறார்கள்.

அறுந்த வயரைத் தேடும்போது நடுவிலிருந்து தொடங்குவதுதான் சிக்கனம். வழியில் உள்ள இணைப்புப் பெட்டியில் வயரைப் பிரித்து இரு திசையிலும் அளந்தால் பாதி நீளம் உடனே சந்தேகத்திலிருந்து விடுபடும். மீதியை மறுபடி பாதியாக்கலாம். ஆனால் அதற்கும் முன்பாக இரு முனைகளிலும் திருகாணிகளை உற்றுப் பார்ப்பது நல்லது. மேலுறையைக் கால் அங்குலம் உரிக்க வேண்டிய இடத்தில் ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் உரித்துச் செருகினால் திருகாணி செம்பைக் கடிக்காமல் பிளாஸ்டிக்கைக் கடிக்கிறது. பொருத்திய அன்று எப்படியோ தொட்டுக்கொண்டிருந்த செம்பு, பிளாஸ்டிக் தளர்ந்ததும் விடுபடுகிறது. அதேபோல் தடித்த வயரையும் மெல்லிய வயரையும் ஒரே டெர்மினலில் சேர்த்து முடுக்கினால் தடித்தது நிற்கும், மெல்லியது கையால் இழுத்தாலே வந்துவிடும். எனவே ஒவ்வொரு வயரையும் இரு விரலால் மெதுவாக இழுத்துப் பார்ப்பதற்கு மீட்டர்கூடத் தேவையில்லை.

காந்தச் சென்சார்களில் கோளாறு பெரும்பாலும் இடைவெளியால் வரும். மழைக்காலத்தில் ஈரம் ஏறி உப்பிய மரக்கதவு முழுதாக மூடாமல் நிற்பதாலும், இரும்புச் சட்டத்தில் நேரடியாகப் பதித்த காந்தத்தின் புலம் இரும்பால் பலவீனமடைவதாலும், காந்தம் அருகில் வந்தால் மூட வேண்டிய, சென்சாருக்குள் உள்ள ரீட் சுவிட்ச் மூடுவதில்லை. சந்தேகம் வந்தால் கையில் உள்ள காந்தத் துண்டைச் சென்சாரின் பக்கத்தில் காட்டிப் பார்க்கலாம். உடனே மூடினால் சென்சார் நலம், இடைவெளிதான் கோளாறு. ரோலிங் ஷட்டருக்கு வீட்டுக் கதவுக்கான சிறிய சென்சாரைப் போடவே கூடாது. தரையில் பதிக்கும் உலோக உறை கொண்ட கனரகச் சென்சாரைத்தான் போட வேண்டும்.

அளவு 5.6 ஆகவும் இல்லாமல் பூஜ்யமாகவும் இல்லாமல் இடையில் எங்கோ தடுமாறினால் ஈரம் காரணமாக இருக்கலாம். மழைநீர் இறங்கிய குழாயில் இரு வயர்களுக்கும் இடையே 40 கிலோ ஓம் அளவுக்குக் கசிவு ஏற்பட்டால்கூட, 5.6 என்று காட்ட வேண்டிய இடத்தில் மீட்டர் 4.9 கிலோ ஓம் காட்டும். மாறாக 6, 7 கிலோ ஓம் என்று கூடிக்கொண்டே போனால் எங்கோ ஒரு முறுக்கிணைப்பு பச்சை பூத்திருக்கிறது. நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில், வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு உப்புக்காற்றில் தாக்குப்பிடிப்பதில்லை. ஈயப்பற்று வைத்து, சுருங்கும் உறை போட்டு மூடுவதே அங்கு ஏற்றது.

கதவைத் திறந்தாலும் பேனலுக்குத் தெரிவதில்லை

மேலே சொன்னதைவிட இது ஆபத்தானது. ஏனெனில் கீபேடில் எல்லாம் பச்சையாக, பார்ப்பதற்குத் திருப்தியாக இருக்கும். திருடன் வந்த பிறகுதான் குட்டு வெளிப்படும்.

இதற்கு முதன்மையான காரணம், கடைசியில் இருக்க வேண்டிய ரெசிஸ்டரைப் பேனல் பெட்டிக்குள்ளேயே மாட்டிவிடுவது. ஏணியில் ஏறி ஒவ்வொரு சென்சாருக்குள்ளும் ரெசிஸ்டர் வைப்பதைவிட, கீழே நின்றபடி எட்டு ரெசிஸ்டர்களையும் பெட்டிக்குள் முறுக்கிவிடுவது எளிது என்பதால் பலர் அப்படிச் செய்கிறார்கள். அப்படி மாட்டினால், வெளியே வயர் ஷார்ட் ஆனாலும் பேனல் தன் பக்கத்திலுள்ள ரெசிஸ்டரைப் பார்த்துவிட்டு, சென்சார் மூடியே இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும். எலி கடித்து இரு வயரும் ஒட்டிக்கொண்டாலும் சரி, வேண்டுமென்றே ஒருவர் வயரைச் சீவி முறுக்கிவிட்டாலும் சரி, விளைவு அதுதான். பெட்டியைத் திறந்ததும் டெர்மினல் வரிசையில் ரெசிஸ்டர்கள் அணிவகுத்துத் தொங்கினால் அந்த வயரிங்கின் தரத்தைப் பற்றி வேறு விசாரணை தேவையில்லை. அவற்றை எடுத்துவிட்டு ஒவ்வொன்றையும் உரிய சென்சாருக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் ரீட் சுவிட்ச் ஒட்டிக்கொள்வது. பக்கத்தில் இடி விழுந்த பிறகோ, வயரில் அதிக மின்சாரம் பாய்ந்த பிறகோ சுவிட்சின் மெல்லிய நாக்குகள் பற்றிக்கொண்டு காந்தத்தை அகற்றினாலும் விடுவதில்லை. விரலால் தட்டினால் விடுபடும். ஆனால் ஒருமுறை ஒட்டியது மறுபடியும் ஒட்டும், மாற்றிவிடுவதே முறை.

மூன்றாவது, நம் ஊர் வெயிலுக்கு உரியது. பிஐஆர் சென்சார் மனித உடலின் வெப்பத்துக்கும் பின்னணிச் சுவரின் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் உணர்கிறது. மே மாதத்தில் வேலூரிலோ திருச்சியிலோ தகரக் கூரை போட்ட கிடங்கில், இரவு எட்டு மணிக்குக்கூட உள்வெப்பம் 35 டிகிரிக்குக் குறையாமல் நிற்கும்போது அந்த வேறுபாடு மிகச் சிறியதாகிவிடுவதால், ஆள் நடந்தாலும் சென்சார் தாமதமாகவோ அரைகுறையாகவோதான் விழிக்கும். மார்கழியில் நடைச் சோதனை செய்து தேறிய சென்சாரை மே மாதத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். அத்தகைய இடங்களுக்கு வெப்ப ஈடுசெய்யும் வசதியுள்ளவை தேவை. மேலும் பிஐஆர் தன்னை நோக்கி நேராக வருபவரைவிடத் தன் பார்வைக்குக் குறுக்கே நடப்பவரை நன்றாகப் பிடிக்கும். எனவே வாசலை நேருக்கு நேர் பார்க்கும்படி வைக்காமல், வருபவர் குறுக்கே கடக்கும்படியான மூலையில், 2.1 முதல் 2.4 மீட்டர் உயரத்தில் வைப்பது பொருத்தம்.

நள்ளிரவில் காரணமின்றிச் சைரன் ஒலிக்கிறது

காரணமின்றி எதுவும் ஒலிப்பதில்லை. பேனலின் நிகழ்வுப் பதிவைப் பார்க்காமல் பேசும்போதுதான் அப்படித் தோன்றும். எந்த ஜோன், எத்தனை மணிக்கு என்ற இரண்டையும் பதிவிலிருந்து எடுத்துக் காகிதத்தில் வரிசையாக எழுதினாலே பாதி விடை கிடைத்துவிடும். மழை பெய்த இரவுகளில் மட்டும் ஒரே ஜோன் என்றால் ஈரம். மாலையில் கடையடைத்த சிறிது நேரத்துக்குள் என்றால் மேற்கு வெயில் அல்லது உள்ளே விட்டுவந்த வெப்பம். ஒரே இரவில் பல ஜோன்கள் ஒரே நொடியில் என்றால் சென்சார்களை விட்டுவிட்டு மின்சாரத்தைப் பார்க்க வேண்டும்.

பிஐஆர் தரும் பொய் அலாரங்களில் நம் கடைகளுக்கே உரிய சில உண்டு. கல்லாவுக்கு மேலே சாமி படத்துக்கு முன் ஏற்றிவிட்டுப் போகும் விளக்கின் சுடர் அலைவது, மின்விசிறியை நிறுத்த மறந்ததால் ஆடும் நாட்காட்டி, பூஜை நாளில் கட்டிய தோரணம் ஆகியவை சென்சாரின் பார்வைக்குள் இருக்கக் கூடாது. இவற்றைவிட முக்கியமானது பல்லி. பத்தடி தள்ளிச் சுவரில் ஓடும் பல்லி பொருட்டல்ல. சென்சாரின் லென்ஸ் மீதே ஏறி உட்காரும் பல்லி, லென்ஸின் பெரும்பகுதியை மறைப்பதால், சென்சாரின் கணக்கில் பெரிய உருவமாகிவிடுகிறது. சென்சாருக்குள் வயர் நுழையும் துளை வழியாகச் சிலந்தியும் எறும்பும் குடியேறுவதும் அப்படித்தான். அந்தத் துளையைச் சிலிகான் பசையால் மூடுவது பொருத்தும் அன்று ஒரு நிமிட வேலை. பேனல் பெட்டியின் துளைகளுக்கும் அதுவே பொருந்தும், ஏனெனில் போர்டின் மேல் குறுக்கே விழுந்து கருகிய பல்லியால் ஷார்ட் ஆவது இங்கே அரிய நிகழ்வு அல்ல.

ஷட்டர் ஜோனில் காற்றடிக்கும் இரவுகளில் மட்டும் அலாரம் வந்தால், ஷட்டர் முன்னும் பின்னும் ஆடும்போது காந்தம் எல்லையைத் தாண்டிவிட்டு வருகிறது. சென்சாரை நகர்த்துவதைவிட, ஷட்டரின் அடிப்பட்டையில் ஆட்டத்தைக் குறைப்பதும் காந்தத்தைச் சென்சாரின் நடுவுக்கு நேராகக் கொண்டுவருவதும் நிலையான தீர்வு.

பல ஜோன்கள் ஒன்றாகத் தூண்டப்பட்டால் வயர் போகும் பாதையைப் பார்க்க வேண்டும். மெயின்ஸ் வயரும் அலாரம் வயரும் ஒரே குழாயில் போவது பாதுகாப்புக்கும் கேடு, வேலைக்கும் கேடு. குளிர்சாதனத்தின் கம்ப்ரசர் எழும்போது பக்கத்து வயரில் தூண்டப்படும் துடிப்பு ஜோன்களைத் தொல்லைப்படுத்தும். தனிக் குழாய் போட்டு ஓரடியாவது தள்ளிக் கொண்டுபோவதும், குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் குறுக்கிடுவதும் முறை. அலாரத்தின்போது சிம் வழியாக உரிமையாளரை அழைக்கும் ஜிஎஸ்எம் டயலரின் ஆண்டெனாவைப் பேனல் பெட்டிக்குள்ளேயே சுருட்டி வைத்திருந்தால் அதையும் சந்தேகிக்கலாம். பழைய வானொலியின் அருகே செல்பேசி வைத்தால் எழும் தடதட ஒலிக்குக் காரணமான அதே துடிப்பு, ஜோன் வயர்களிலும் ஏறும்.

மின்வெட்டு வந்ததும் பேனல் அணைந்துவிடுகிறது, அல்லது பேட்டரி குறைவு என்கிறது

நல்ல நிலையில் உள்ள பேட்டரி எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்பதை முதலில் கணக்கிடுவோம். பேனலுக்கு 100 மில்லிஆம்பியர், கீபேடுக்கு 60, ஆறு பிஐஆர்களுக்குத் தலா 15 வீதம் 90 என்று வைத்தால் மொத்தம் 250 மில்லிஆம்பியர். 7 ஆம்பியர் மணியை அதனால் வகுத்தால் ஏட்டளவில் 28 மணி நேரம் வருகிறது. நடைமுறையில் 20 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு மணி நேர மின்வெட்டையே தாங்கவில்லை என்றால் பேட்டரி முடிந்துவிட்டது அல்லது அது நிரம்புவதே இல்லை.

இரண்டில் எது என்பதைப் பிரித்தறிய, மெயின்ஸ் இருக்கும்போது பேட்டரி முனைகளில் அளக்க வேண்டும். 13.6 முதல் 13.8 வோல்ட் வரை இருந்தால் சார்ஜிங் நலம். பிறகு மெயின்ஸை நிறுத்திவிட்டுச் சைரனை ஒரு நிமிடம் ஒலிக்கவிட்டு அளக்க வேண்டும். வோல்டேஜ் 11க்குக் கீழே சரிந்தால் பேட்டரியை மாற்ற வேண்டியதுதான். சுமை இல்லாமல் அளந்து 12.7 காட்டியதென்று பேட்டரிக்கு நற்சான்று கொடுக்கக் கூடாது. செத்த பேட்டரியும் சும்மா இருக்கையில் அப்படிக் காட்டும். இவ்வகைப் பேட்டரிகளுக்குச் சொல்லப்படும் ஆயுள் மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை. ஆனால் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பேட்டரித் துறையில் வழங்கும் பொதுக் கணக்கு. மொட்டை மாடிக்கு நேர் கீழே, பரண் மேல் வைத்த பேனலில் ஐந்தாண்டை எதிர்பார்ப்பதற்கில்லை. மாற்றும் அன்று தேதியைப் பேட்டரியின் மேலேயே எழுதி வைப்பது அடுத்து வருபவருக்குச் செய்யும் பேருதவி.

13.6 வராமல் 12 சொச்சத்திலேயே நின்றால் மெயின்ஸ் வோல்டேஜைப் பார்க்க வேண்டும். மெயின்ஸ் வோல்டேஜ் மாலை நேரத்தில் 170க்கு இறங்கும் ஊர்களில், 16.5 தர வேண்டிய மின்மாற்றி 12.2 வோல்ட்தான் தரும். அதைக்கொண்டு பேட்டரியை நிரப்ப முடியாது. அங்கே குற்றம் பேட்டரியிலும் இல்லை, பேனலிலும் இல்லை. ஒரு ஸ்டெபிலைசர் வேண்டும். அதிக நேரம் தாங்கட்டும் என்று 7க்குப் பதிலாக 26 ஆம்பியர் மணிப் பேட்டரியை மாட்டுவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. பேனலின் சார்ஜிங் மின்னோட்டம் சிறிய பேட்டரிக்கென்று கட்டுப்படுத்தப்பட்டது. பெரிய பேட்டரி நிரம்ப நாட்கணக்கில் ஆகும், அதுவரை பேனல் முணுமுணுத்துக்கொண்டேயிருக்கும்.

சைரன் மெலிந்து ஒலிக்கிறது

இதற்கு வயரின் நீளமும் தடிமனும்தான் காரணம். 22 கேஜ் செம்பு வயரின் தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.053 ஓம். சைரன் 50 மீட்டர் தள்ளியிருந்தால் போக வர 100 மீட்டர், 5.3 ஓம். சைரன் 700 மில்லிஆம்பியர் இழுத்தால் வயரிலேயே 3.7 வோல்ட் போய்விடும். பேட்டரியில் ஓடும்போது சைரனுக்கு 9 வோல்ட்கூட எட்டாது. அதே வயரில் 15 மில்லிஆம்பியர் பிஐஆருக்கு இழப்பு 0.08 வோல்ட்தான் என்பதால் சென்சார்கள் எல்லாம் நன்றாக இயங்க, சைரன் மட்டும் முனகும். சைரனுக்குத் தடித்த வயர் போடுவது ஒன்றே வழி. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் செம்பு பூசிய அலுமினிய வயரில் தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் கூடுதல். முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிவதைக் கொண்டு அதை அடையாளம் காணலாம்.

கீபேட் எரிகிறது, ஆனால் பேனலோடு பேசவில்லை

கீபேடுக்கு வரும் நான்கு வயர்களில் சிவப்பும் கருப்பும் மின்சாரத்துக்கு. மற்ற இரண்டும் தரவுக்கு. விளக்கு எரிவதால் முதல் இரண்டும் சரி. தரவு வயர்களான பச்சையும் மஞ்சளும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கீபேடைக் கழற்றிக் கொண்டுவந்து பேனலின் பக்கத்திலேயே ஒரு முழ வயரில் மாட்டினால் வேலை செய்கிறது என்றால் கோளாறு நீண்ட வயரில்தான். அங்கும் வேலை செய்யவில்லையென்றால் கீபேட் எண்ணைப் பார்க்கலாம். முகவரி வைத்து இயங்கும் பேனல்களில் இரண்டு கீபேடுகளுக்கு ஒரே எண் கொடுத்தால் இரண்டும் குழம்பும். விஸ்டா 20பி பேனலில் முதல் கீபேட் 16 என்ற எண்ணில் இருக்க வேண்டும். கீபேடுக்குத் தனி மின்வழங்கி போட்டிருந்தால் அதன் மைனஸையும் பேனலின் மைனஸையும் இணைக்காமல் தரவு போகாது.

கடை திறக்கும்போதே சைரன் அலறுகிறது

இது வயரிங் அல்ல, புரோகிராம். ஷட்டர் ஜோன் உடனடி வகையாக அமைக்கப்பட்டிருந்தால், கீபேட் வரை நடந்துபோய்க் குறியீட்டு எண்ணை அழுத்த நேரம் கிடைக்காது; அதை நுழைவுத் தாமத வகைக்கு மாற்ற வேண்டும். ஷட்டர் சரியாக இருந்தும் அலறினால், கீபேடுக்குப் போகும் வழியில் உள்ள பிஐஆர் உடனடி வகையில் இருக்கும். அதை நுழைவு ஜோனைப் பின்தொடரும் உள்வகைக்கு மாற்றினால், ஷட்டர் வழியாக வருபவருக்கு அவகாசம் தரும். பின்சுவரைத் துளைத்து வருபவருக்குத் தராது.

சைரன் ஒலித்தது, உரிமையாளரின் செல்பேசிக்கு அழைப்பு வரவில்லை

டயலரைத் திறப்பதற்கு முன் சிம்மை எடுத்து ஒரு சாதாரண செல்பேசியில் போட்டு அழைத்துப் பார்க்க வேண்டும். ரீசார்ஜ் காலாவதியாகியிருப்பதே பெரும்பாலும் விடையாக இருக்கும். யாரும் பேசாத எண் என்பதால் அதை யாரும் நினைவில் வைப்பதில்லை. சிம்முக்கு PIN எண் பூட்டு போட்டிருந்தால் நீக்கிவிட வேண்டும். 2ஜி மட்டும் உள்ள டயலரில் ஜியோ சிம் இயங்காது, ஏனெனில் அந்நிறுவனத்துக்கு 2ஜி வலையமைப்பே இல்லை. சிம் நலமாக இருந்து, டயலரும் சிக்னல் காட்டினால், பேனலின் சைரன் வெளியீட்டிலிருந்து டயலரின் தூண்டல் டெர்மினலுக்கு வரும் வயரில் அலாரத்தின்போது 12 வோல்ட் வருகிறதா என்று அளக்க வேண்டும். வந்தும் அழைக்கவில்லையென்றால் அந்த டெர்மினல் பிளஸால் தூண்டப்படும் வகையா, மைனஸால் தூண்டப்படும் வகையா என்பதை டயலரின் கையேட்டில் சரிபார்த்து, தேவையானால் நடுவே ஒரு 12 வோல்ட் ரிலேயை வைத்து அதன் உலர் கான்டாக்டை (தன்னளவில் வோல்டேஜ் இல்லாத சுவிட்ச் முனைகளை) கொடுக்கலாம். சரிசெய்த பிறகு கீபேடில் சோதனைப் பொத்தானை அழுத்துவதோடு நின்றுவிடாமல், ஷட்டரை உண்மையாகவே உயர்த்தி, சைரன் ஒலித்து, உரிமையாளரின் செல்பேசி அடிக்கும் வரை நின்று பார்த்துவிட்டே பெட்டியைப் பூட்ட வேண்டும்.